கோல் போட்டவர் கற்றுக்கொடுத்த தற்காப்பு: பயிற்றுநர் ராஜகோபாலின் பயணம்

ஜொகூர் பாரு – இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கில் ஜேடிடி ஆடும் இரவுகளில் சிவப்பும் நீலமும் அணிந்த கூட்டத்தில் நம் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள். கூலாய், குளுவாங், சிகாமட் என்று தோட்டப்புறங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வருகிற அவர்களுக்கு, ஜேடிடியின் தொடக்க காலத்துப் பெயர்கள் மனப்பாடம். சாஃபிக் ரஹிம், நோர்ஷாருல் இட்லான், சாஃபி சாலி, எஸ். குணாளன்.

அந்த நால்வரும் ஜொகூர் சட்டை அணிவதற்கு முன்பே ஒரே தேசிய அணியில் ஒன்றாக ஆடி, ஒரு கிண்ணத்தை நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்பது இளைய ரசிகர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அந்த அணியை உருவாக்கியவர் ஒரு தமிழர். டத்தோ கே. ராஜகோபால்.

2010ஆம் ஆண்டு தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டமான சுசுகி கிண்ணத்தை மலேசியா முதல் முறையாக வென்றது அவருடைய பயிற்சியில்தான். அதற்குப் பிறகு 2014லும் 2018லும் மலேசியா இறுதி ஆட்டம் வரை சென்றும் கிண்ணம் கைகூடவில்லை. தன் காலத்தில் முன்வரிசையில் ஆடியவர் ராஜகோபால். ஆனால் அவர் அணி கிண்ணத்தை வென்ற விதத்தைப் பார்த்தால், அது கோல் அடித்ததைவிட கோல் வாங்காமல் இருந்ததால் கிடைத்த வெற்றி என்று தெரியும்.

ஐந்து கோல் வாங்கிய இரவு

2010 டிசம்பர் 1. ஜகார்த்தாவில் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம். நோர்ஷாருல் முதலில் கோல் போட்டு மலேசியாவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். அதன்பின் நடந்ததை மறக்க நினைத்தவர்களே அதிகம். இந்தோனேசியா ஐந்து கோல்களைத் திணித்தது. 1-5.

இப்படி ஒரு தோல்வி மலேசிய ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2007 ஆசியக் கிண்ணத்தில் சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5 என்று தோற்ற காயம் அப்போதும் ஆறவில்லை. 2009 தொடக்கத்தில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5 என்று தோற்றபின் அன்றைய தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தார். அந்த நாற்காலிக்குத்தான் ராஜகோபால் வந்திருந்தார். ஐந்து கோல் வாங்கிய பயிற்றுநருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்த ஆட்டத்துக்கு இருந்தது மூன்றே நாள். எதிரே தாய்லாந்து. அதன் பயிற்றுநர் இங்கிலாந்தின் முன்னாள் அணித்தலைவர் பிரையன் ராப்சன். ராஜகோபால் கோல் காவலரை மாற்றினார். கிளந்தான் அணியின் 21 வயது கைருல் ஃபாமி சே மாட் உள்ளே வந்தார். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. கொண்டாடும்படியான முடிவு இல்லை. ஆனால் முதலில் ஓட்டை அடைபட வேண்டும், கோல் பிறகு வரும் என்ற கணக்கு அதில் தெரிந்தது.

டிசம்பர் 7ஆம் தேதி பலெம்பாங்கில் லாவோஸை 5-1 என்று மலேசியா வென்றது. அதுவும் போதவில்லை. அதே நேரத்தில் தாய்லாந்து இந்தோனேசியாவை வென்றிருந்தால் மலேசியா வீட்டுக்குத் திரும்பியிருக்கும். ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்ட இந்தோனேசியா அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்காமல் 2-1 என்று வென்றது. மலேசியாவை ஐந்து கோலில் புதைத்த அணியே அதற்கு அரையிறுதிக் கதவையும் திறந்துவிட்டது.

முன்வரிசையிலிருந்து பயிற்றுநர் நாற்காலிக்கு

1956இல் பிறந்த ராஜகோபால், சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் முன்வரிசையில் ஆடியவர். ரசிகர்கள் அவரை ‘கிங் கோபால்’ என்றே அழைத்தார்கள்.

முன்வரிசை ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்றுநர்களாக வருவது கடினம் என்று காற்பந்து வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதற்குக் காரணமும் சொல்வார்கள். கோல் காவலரும் தற்காப்பு ஆட்டக்காரரும் திடல் முழுவதையும் முன்னால் பார்த்தபடி ஆடுகிறார்கள். நடுத்திடல் ஆட்டக்காரர் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தே பழகுகிறார். முன்வரிசையில் நிற்பவரோ பாதி நேரம் தன் அணிக்கு முதுகைக் காட்டியபடி, கோல் கம்பத்தை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் வேலை ஒரு நொடியில் முடிவதும் உண்டு. பயிற்றுநர் வேலையோ 90 நிமிடமும் பதினொரு பேரையும் பார்ப்பது.

ஆனால் முன்வரிசைக்காரருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றும் இருக்கிறது. தற்காப்பு எந்த இடத்தில் பிளக்கும், எந்த நேரத்தில் சோரும், எந்த ஆட்டக்காரர் பந்து வரும்போது பதறுவார் என்பதை வாழ்நாள் முழுவதும் தேடித் திரிந்தவர் அவர். திருடன் பார்க்கும் கண்ணோடு தன் வீட்டைச் சுற்றி வந்தால் எந்தப் பூட்டு பலவீனம் என்று தெரிந்துவிடும். ராஜகோபாலின் அணிகள் அப்படித்தான் கட்டப்பட்டன.

இளைஞர்களை நம்பியதும் அவருடைய வழியாக இருந்தது. தேசிய அணிக்குப் பெயர் பெற்ற மூத்தவர்களை அடுக்காமல், 23 வயதுக்குக் கீழ்ப்பட்ட அணியில் தன்னோடு ஆடியவர்களையே மேலே கொண்டுவந்தார்.

வியந்தியானில் நடந்த முன்னோட்டம்

2010இல் நடந்ததன் ஒத்திகை ஓராண்டுக்கு முன் லாவோஸ் தலைநகர் வியந்தியானில் நடந்துவிட்டது. 2009 சீ விளையாட்டுப் போட்டியில் ராஜகோபாலின் இளைஞர் அணி முதல் சுற்றில் வியட்நாமிடம் 1-3 என்று தோற்றது. ஆனால் தாய்லாந்தை 2-1 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. அங்கே லாவோஸை 3-1 என்று முடித்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மீண்டும் அதே வியட்நாம்.

டிசம்பர் 17 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் 85ஆம் நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு வியட்நாமின் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தம் சொந்த கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டார். 1-0. காற்பந்தில் சீ விளையாட்டுத் தங்கம் 1989க்குப் பிறகு, 20 ஆண்டுகள் கழித்து, நாட்டுக்கு வந்தது.

சொந்த கோல் என்பதால் அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் முதல் சந்திப்பில் மூன்று கோல் போட்ட எதிரணியை இரண்டாம் சந்திப்பில் ஒரு கோல்கூடப் போட விடாமல் நிறுத்தியது அதிர்ஷ்டம் அல்ல. தோற்ற ஆட்டத்தைப் பாடப் புத்தகமாக வைத்துக்கொள்வதே அவர் பழக்கம் என்பது அங்கேயே தெரிந்தது.

ஒரே எதிரணி, இரண்டாம் முறை

சுசுகி கிண்ண அரையிறுதியில் வியட்நாம்தான் நடப்பு வெற்றியாளர். டிசம்பர் 15இல் புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலி இரண்டு கோல் அடித்தார். 2-0. மூன்று நாள் கழித்து ஹனோயில் வியட்நாம் விடாமல் தாக்கியது. கைருல் ஃபாமியும் அவருக்கு முன்னால் நின்ற இளைஞர்களும் ஒரு கோலும் விடவில்லை. 0-0.

இறுதி ஆட்டம் இந்தோனேசியாவுடன். 25 நாளுக்கு முன் ஐந்து கோல் போட்ட அதே அணி. டிசம்பர் 26 இரவு புக்கிட் ஜாலிலில் கூடிய கூட்டம் 98,000ஐத் தாண்டியது. இடைவேளைக்குப் பின் இரசிகர் பகுதியிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதாக இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. நம் இரசிகர்களில் சிலர் செய்த அந்தக் காரியம் பெருமைக்குரியது அல்ல. ஆட்டம் மீண்டும் தொடங்கியபின் 61ஆம் நிமிடம் சாஃபி, 68இல் அஷாரி சம்சுடின், 73இல் மீண்டும் சாஃபி. பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கோல்.

டிசம்பர் 29, ஜகார்த்தாவின் குலோரா பூங் கர்னோ அரங்கம். 18ஆம் நிமிடத்தில் இந்தோனேசியாவுக்குப் பினால்டி கிடைத்தது. அணித்தலைவர் ஃபிர்மான் உதினா அடித்த பந்தை கைருல் ஃபாமி தடுத்தார். 54ஆம் நிமிடத்தில் சாஃபி போட்ட கோல் எல்லாவற்றையும் முடித்தது. பிறகு இந்தோனேசியா இரண்டு கோல் அடித்தும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது. அரசு டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாக அறிவித்தது.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அணி, அதன்பின் ஆடிய ஆறு ஆட்டங்களில் வாங்கிய மொத்த கோல் மூன்றுதான். ஐந்து கோலுடன் சாஃபி சாலி போட்டியின் சிறந்த கோலடிப்பாளர் ஆனார். அவருடைய ஐந்தும் அரையிறுதியிலும் இறுதியிலும் வந்தவை. பின்னால் கதவு பூட்டியிருந்ததால்தான் முன்னால் நின்றவர் நிதானமாகக் காத்திருக்க முடிந்தது.

அந்த அணியில் குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள். அந்த ஆண்டில் நமக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தேசிய அணிப் பதவியை இழந்த சத்தியநாதன், கிளந்தானுக்குப் போய், 2010 அக்டோபர் 30இல் நெகிரி செம்பிலானை 2-1 என்று வென்று அம்மாநிலத்துக்கு முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். இரண்டு மாதத்துக்குள் நாட்டின் இரு பெரிய கிண்ணங்களை இரண்டு தமிழ்ப் பயிற்றுநர்கள் ஏந்தினார்கள்.

எதிர்த்தரப்பிலும் ஒரு முன்வரிசைக்காரர்

அந்த இறுதி ஆட்டத்தில் இந்தோனேசியாவின் பயிற்றுநர் ஆல்ஃபிரட் ரீடில். ஆஸ்திரியாக்காரர். அவரும் முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தவர்தான். 1970களில் பெல்ஜிய லீக்கில் இரண்டு முறை அதிக கோல் அடித்தவர். பயிற்றுநரானபின் வியட்நாம், லாவோஸ், இந்தோனேசியா என்று நம் வட்டாரத்திலேயே நெடுங்காலம் உழைத்து, 2020இல் காலமானார். ஐரோப்பாவில் கோல் அடித்துப் பெயர் வாங்கியவரும் மலேசியக் கிண்ண ஆட்டங்களில் வளர்ந்தவரும் எதிரெதிரே நின்றபோது, அன்று வென்றவர் நம்மவர்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பாலும் இதே கதை உண்டு. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி, சுவிட்சர்லாந்தின் பாசல் அணிவரை சென்று ஆடியவர். கெடாவுக்கும் ஆடி மலேசிய ரசிகர்களின் மனத்தில் இடம் பிடித்தவர். பயிற்றுநராக அவர் 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ் 12 அணியை மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளர் ஆக்கினார். அதே பருவத்தில்தான் ஜேடிடி புதிய பெயருடன் களமிறங்கி, ஐரோப்பிய வெற்றியாளரான ஸ்பெயினின் டானி கூய்சாவையெல்லாம் கொண்டுவந்திருந்தது. அன்று ஜேடிடியின் பயிற்றுநராக இருந்த ஃபண்டி அகமதுவும் புகழ்பெற்ற கோலடிப்பாளர். எஃப்ஏ கிண்ண இறுதிவரை அணியைக் கொண்டுபோய் கிளந்தானிடம் 0-1 என்று இழந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாத அணியை வைத்துக்கொண்டு லீக்கை வென்றார் சுந்தரமூர்த்தி.

பதினொரு நாளில் நான்கு ஆட்டம்

ராஜகோபாலின் கதை 2010உடன் முடிந்திருந்தால் அது புராணமாகியிருக்கும். ஆனால் பயிற்றுநர் வாழ்க்கை அப்படி அமைவதில்லை.

2011 ஜூலை தொடக்கத்தில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சீன தைப்பேயுடன் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-4 என்று சமன் ஆகி, வெளியூரில் அடித்த கோல் கணக்கில்தான் மலேசியா தப்பியது. அடுத்து சிங்கப்பூர். அதற்கு முன் ஜூலை 13இல் ஆர்சனல், 16இல் லிவர்பூல், 21இல் செல்சி என்று மூன்று இங்கிலாந்து மன்றங்கள் புக்கிட் ஜாலிலுக்கு வந்து மலேசிய அணியுடன் மோதின. மூன்றிலும் தோல்வி. செல்சியுடன் ஆடி இரண்டே நாளில், ஜூலை 23 அன்று சிங்கப்பூரின் ஜாலான் புசார் அரங்கில் உண்மையான போட்டி. அதில் மலேசியா 3-5 என்று தோற்றது. ஐந்து நாள் கழித்து சொந்த மண்ணில் 1-1. உலகக் கிண்ணப் பயணம் அங்கேயே நின்றது.

இரண்டாம் சந்திப்பில் திருத்திக்கொள்ளும் அவருடைய வித்தை இம்முறை பலிக்கவில்லை. இரண்டு கோல் பின்தங்கி வரும் அணிக்குத் தற்காப்பு மட்டும் போதாது. 2012 சுசுகி கிண்ணத்திலும் முதல் ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 0-3 என்று தோற்று, பிறகு லாவோஸையும் இந்தோனேசியாவையும் வென்று அரையிறுதிக்குப் போனது மலேசியா. தாய்லாந்து அங்கே வழியை அடைத்தது. 2013 இறுதியில் அவருடைய தேசிய அணிப் பொறுப்பு முடிவுக்கு வந்தது.

போஸ்னியக்காரரின் அனுபவம்

ஜெயித்தவருக்கும் இந்த நாற்காலி நிலையில்லை என்பதற்கு உலகக் காற்பந்தில் வாகிட் ஹலில்ஹோட்சிச்சைவிட நல்ல சான்று இல்லை. போஸ்னியாவில் பிறந்த முன்வரிசை ஆட்டக்காரர். பிரான்சின் நான்ட் அணிக்காக ஆடி, 1983லும் 1985லும் பிரெஞ்சு லீக்கின் அதிக கோலடிப்பாளராக வந்தவர். போஸ்னியப் போரில் வீட்டை இழந்து பிரான்சுக்குத் திரும்பி, பயிற்றுநராக அடியிலிருந்து ஏறினார்.

ஐவரி கோஸ்ட், அல்ஜீரியா, ஜப்பான், மொரோக்கோ என்று நான்கு நாடுகளை அவர் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறச் செய்தார். ஆனால் உலகக் கிண்ணத் திடலோரத்தில் அவர் நின்றது ஒரே முறை. 2014இல் அல்ஜீரியாவுடன். மற்ற மூன்று நாடுகளும் போட்டி தொடங்கச் சில மாதம் இருக்கும்போதே அவரை விலக்கிவிட்டன. வாய்ப்புக் கிடைத்த அந்த ஒரு முறையில் அல்ஜீரியாவை முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோனார். பிறகு கிண்ணத்தை வென்ற ஜெர்மனியைக் கூடுதல் நேரம் வரை திணறடித்துத்தான் 1-2 என்று தோற்றார்.

சத்தியநாதனுக்கும் ராஜகோபாலுக்கும் நடந்ததை அந்தக் கண்ணோடு பார்க்கலாம். பயிற்றுநரின் வேலை அவர் பதவியில் இருக்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. அவர் விட்டுச்செல்லும் ஆட்டக்காரர்கள்தான் அவருடைய உண்மையான கணக்கு.

ஜொகூருக்கு வந்த விளைச்சல்

அந்தக் கணக்கில் ராஜகோபாலுக்கு நிறைய வரவு உண்டு. 2011 சீ விளையாட்டில் ஓங் கிம் சுவீயின் பயிற்சியில் இளைஞர் அணி ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் வென்றது. 2013 முதல் சாஃபிக், நோர்ஷாருல், சாஃபி ஆகியோர் ஜொகூருக்கு வந்தார்கள். சாஃபிக் ஜேடிடியின் அணித்தலைவராகவும் இருந்தார். 2014 முதல் பத்துக்கும் மேற்பட்ட முறை தொடர்ந்து சூப்பர் லீக்கை வென்றிருக்கிறது ஜேடிடி. 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய மன்றமும் அதுவே.

குணாளனின் மாற்றம் தனியே சொல்லத்தக்கது. ஓட்டப்பந்தய வேகத்தோடு பக்கவாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரராக வந்தவர், ஜேடிடியில் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறி, பல பருவங்கள் அங்கே நிலைத்தார். முன்னால் ஓடிப் பழகியவர் பின்னால் நின்று காக்கவும் கற்றுக்கொண்டார்.

அடுத்தவர் எங்கிருந்து வருவார்?

ஒரு காலத்தில் தோட்டத்துத் திடல்கள்தான் நம் காற்பந்துப் பள்ளிகள். மாலையில் பால்மரக் காட்டு வேலை முடிந்ததும் லயத்துக்கு முன்னால் பந்து உருளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தபோது அந்தத் திடல்களும் பல இடங்களில் போய்விட்டன. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான அணி பிஜே சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை உயர்ந்தும், 2022 பருவத்துடன் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. ஆட்டக்காரர்களுக்கான வாசல் ஒன்று அடைபட்டது.

பயிற்றுநர் வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமம் சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறும். சிறுவர் அணிகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் வகுப்பும் களப் பயிற்சியும் தேர்வும் உண்டு. தேசிய அணிக்கு ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாமான் திடலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பந்து தட்டக் கற்றுக்கொடுக்கும் இளைஞருக்கும், தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையைக் கவனிக்கும் ஆசிரியருக்கும் முதல் படி எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

அந்த முதல் படியில் நிற்பவர்கள் 2010 டிசம்பர் 1க்கும் 29க்கும் இடையில் நடந்த ஏழு ஆட்டங்களை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். 1-5 என்ற முடிவோடு உடைமாற்றும் அறைக்குத் திரும்பிய ஒரு பயிற்றுநர், யாரை மாற்றினார், யாரை நம்பினார், முதலில் எதைச் சரிசெய்தார் என்பதெல்லாம் அந்த ஏழு ஆட்டங்களில் அடங்கியிருக்கிறது.